தொலைநோக்கியின் மேல்கூண்டு ஆடுகிறதா? கழற்றி மாட்டும் கழி மூட்டுகளில் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

எட்டுக் கழி, கீழே முதன்மை ஆடி உட்காரும் ஒரு ஆடிப்பெட்டி, மேலே இரண்டாம் ஆடியும் ஐபீஸும் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) இருக்கும் ஒரு மேல்கூண்டு. எல்லாவற்றையும் வண்டியில் போட்டுக்கொண்டு இருட்டான இடத்துக்குப் போக வேண்டும், பத்து நிமிடத்தில் மாட்ட வேண்டும், விடிவதற்குள் கழற்றிவிட வேண்டும். இப்படி ஒரு தொலைநோக்கியைச் சொந்தக் கையால் கட்டியவர் முதல் மாதம் ஆடியைப் பற்றிப் பேசுவார். மூன்றாம் மாதம் மூட்டைப் பற்றிப் பேசுவார்.

ஆட்டம் தெரிந்ததும் கழியைத் தடிமனாக்கத்தான் கை போகிறது. நானும் 19 மி.மீ. குழாய்களைக் கழற்றிவிட்டு 25 மி.மீ. குழாய்களைப் போட்டேன். ஆட்டம் அப்படியே இருந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகுதான் காரணம் புரிந்தது. அந்தக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், கீழே வரும் எல்லாமே அதன்மேல்தான் நிற்கிறது.

250 மி.மீ. ஆடி, f/5 (குவியத்தூரம் ஆடியின் விட்டத்தைப் போல ஐந்து மடங்கு), மேல்கூண்டு 3 கிலோ, கழிகளின் உயரம் 1.2 மீட்டர், ஆடிப்பெட்டியின் அகலம் 450 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் நான்கு மூலைகளிலிருந்து இரண்டிரண்டு கழிகள் கிளம்பி, மேலே ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஜோடியாகச் சேர்கின்றன. தொலைநோக்கி அடிவானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும்போது, பக்கவாட்டுக் கழி ஒன்றில் வரும் இழுவை அல்லது அழுத்தம் ஏறக்குறைய 4 கிலோ எடைக்குச் சமம். 1.5 மி.மீ. சுவர் கொண்ட அலுமினியக் குழாய் இந்த விசைக்கு 0.01 மி.மீ. கூட நீள்வதில்லை. 25 மி.மீ. குழாய்க்கும் அப்படித்தான், 19 மி.மீ. குழாய்க்கும் அப்படித்தான். ஆனால் மூட்டில் கழியின் நீளவாக்கில் 0.2 மி.மீ. ஆட்டம் இருந்தால் அது குழாய் நீள்வதைப் போல 20 மடங்குக்கும் மேல்.

அதோடு நிற்பதில்லை. கழியின் நீளத்தைப் பெட்டி அகலத்தின் பாதியால் வகுத்துப் பாருங்கள், இங்கே 5.4 வரும். மூட்டில் இருக்கும் ஆட்டம் மேல்கூண்டில் அத்தனை மடங்காகப் பெருகும். 0.2 மி.மீ. அங்கே 1 மி.மீ.க்கும் மேல் ஆகிவிடும். f/5 ஆடியில் கோமா (நட்சத்திரம் வால் முளைத்த மாதிரி தெரியும் குறை) தொந்தரவு இல்லாத நடுப்பகுதியின் விட்டமே சுமார் 2.75 மி.மீ.தான். f/4 என்றால் 1.4 மி.மீ. f/4இல் மையத்திலிருந்து 1 மி.மீ. விலகினாலே வெளியே போய்விட்டோம்.

ஆக, நல்ல மூட்டு என்றால் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் அதே இடத்தில் போய் உட்கார்ந்து, அங்கிருந்து நீளவாக்கில் நகராமல் இருப்பது. இறுக்கம் வேண்டும்தான், ஆனால் அதற்கு முன்னால் இருக்கை வேண்டும்.

கோளாறு மூட்டில்தானா என்று முதலில் பாருங்கள்

ஐபீஸில் தெரியும் நடுக்கம் எங்கிருந்தும் வரலாம். தொலைநோக்கியைத் தாங்கிச் சாயவும் சுழலவும் விடும் ராக்கர் பெட்டியின் அடிப்பலகை தளர்ந்திருக்கலாம், ஐபீஸை முன்னும் பின்னும் நகர்த்தும் ஃபோக்கஸர் ஆடலாம், ஆடி அதன் தாங்கியில் நழுவலாம். தொலைநோக்கியை 45 டிகிரியில் நிறுத்துங்கள். ஆடிப்பெட்டியை முழங்காலால் அணைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, மேல்கூண்டை ஒரு விரலால் இடதும் வலதுமாக மெதுவாகத் தள்ளுங்கள். இன்னொரு கையின் கட்டைவிரல் நகத்தைக் கழியும் அதைப் பிடிக்கும் கட்டையும் சந்திக்கும் விளிம்பில், பாதி அங்கே பாதி இங்கே என்று வையுங்கள். 0.1 மி.மீ. நகர்ந்தாலும் நகம் சொல்லிவிடும். கண்ணுக்குத் தெரியாதது நகத்துக்குத் தெரியும் என்பதை இதைச் செய்து பார்த்தால்தான் நம்புவீர்கள். கீழே எட்டு மூட்டு, மேலே நான்கு சந்திப்பு, எல்லாவற்றையும் இப்படித் தொட்டுப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் குற்றவாளியாக இருக்கும்.

நகத்துக்கு எதுவுமே தெரியவில்லை, ஆனாலும் படம் ஆடுகிறது என்றால் மூட்டை விட்டுவிட்டு ராக்கர் பெட்டியைப் பாருங்கள்.

அறிகுறி: குமிழை நன்றாக முறுக்கியும் ‘லொடக்’ என்று நகர்கிறது

கையால் முறுக்கும் ஒரு எம்6 (6 மி.மீ. மரை) குமிழ் 100 கிலோவுக்கு மேல் அழுத்தம் கொடுக்கும். உலோகமும் மரமும் அந்த அழுத்தத்தில் உரசி நின்றால், 4 கிலோ விசைக்கு நகரவே முடியாது. அப்படியும் லொடக்கென்று நகர்கிறதா? உங்கள் அழுத்தம் மூட்டுக்குப் போய்ச் சேரவில்லை, வழியில் வேறெங்கோ நின்றுவிட்டது என்று பொருள். அது எங்கே என்று தேடுவதுதான் வேலை.

அடிக்கடி நடப்பது, போல்ட் நீளமாக இருந்து துளையின் அடியில் முட்டிக்கொள்வது. குமிழ் கல் மாதிரி இறுகிவிட்டது என்று கைக்குத் தோன்றும், ஆனால் தலைக்கும் கழிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். ஒரு துண்டுக் காகிதத்தை அந்த இடைவெளியில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் போல்ட்டில் 2 மி.மீ. வெட்டிவிடுங்கள் அல்லது ஒரு வாஷர் சேருங்கள். அடுத்தது, போல்ட்டில் மரை முழு நீளத்துக்கும் வெட்டப்படாமல் இருப்பது. நட் மரை முடியும் இடத்தில் நின்றுவிடும், மூட்டு இறுகாது. இதற்கும் வாஷர்தான் மருந்து.

வாஷரே ரப்பராகவோ மெல்லிய பிளாஸ்டிக்காகவோ இருந்தால் தூக்கி எறியுங்கள். வழுக்காமல் இருக்கட்டும் என்று சிலர் கார்க் ஒட்டுவார்கள். கார்க் அமுங்கும், அமுங்கிக்கொண்டே இருக்கும். கழி மூட்டில் மெத்தென்ற எதற்கும் இடமில்லை.

அறிகுறி: லொடலொட இல்லை, ஆனால் ரப்பர் மாதிரி வளைந்து திரும்புகிறது

இது வேறு நோய். மூட்டு நழுவவில்லை, ஏதோ ஒன்று வளைகிறது. எது என்று கண்டுபிடிக்க முக்கோணத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பலோமர் மலையில் இருக்கும் 200 அங்குலத் தொலைநோக்கிக்காகப் பொறியாளர் மார்க் செர்ரூரியர் 1935இல் வகுத்த சட்டகத்தின் எளிய பாதிதான் நம் கையில் இருக்கும் எட்டுக் கழி அமைப்பு. அதன் அழகு, கழிகள் நீளவாக்கில் மட்டுமே இழுக்கப்படும் அல்லது அழுத்தப்படும் என்பது. யாரும் அவற்றை வளைக்கச் சொல்வதில்லை. அதனால்தான் மெல்லிய குழாய் அவ்வளவு எடையைத் தாங்குகிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஜோடியாக வரும் இரண்டு கழிகளின் நடுக்கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும்.

நம்மில் பலர் மேல்கூண்டில் ஒரு பலகையை வைத்து, ஒரு கழிக்கு ஒரு போல்ட், பக்கத்துக் கழிக்கு இன்னொரு போல்ட் என்று 60 மி.மீ. தள்ளித் தள்ளிப் போட்டுவிடுகிறோம். மாட்டுவதற்கு வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே முக்கோணத்தின் உச்சி வெட்டுப்பட்டுவிட்டது. அந்த 60 மி.மீ. பலகை இப்போது வளைவு விசையைச் சுமக்கிறது. மெல்லிய பிளைவுட் என்றால் விசிறி மாதிரி மடங்கும். தீர்வு, இரண்டு போல்ட்டையும் முடிந்த அளவு நெருக்குவது. முடிந்தால் ஒரே போல்ட்டில் இரண்டு கழியையும் பிடிப்பது. நூல் ஒன்றைக் கழியின் நடுக்கோட்டில் இழுத்துப் பிடித்துப் பாருங்கள், இரண்டு நூலும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று தெரிந்துவிடும். அது போல்ட் இருக்கும் இடத்திலிருந்து 10 மி.மீ.க்குள் இருந்தால் கவலை வேண்டாம்.

வளைவதற்கு இன்னொரு இடம், குழாயின் முனையைத் தட்டையாக நசுக்கிச் செய்த நாக்கு. இது மோசமான முறை இல்லை. எளியது, கனமில்லாதது, நான் இன்றும் பயன்படுத்துகிறேன். ஆனால் நாக்கு நீளமாக இருக்கக் கூடாது. நாக்கின் நீளத்தைப் பாதியாக்கினால், அதே விசைக்கு வளைவது எட்டில் ஒரு பங்காகும். துளையைக் குழாயின் உருண்டை தொடங்கும் இடத்துக்கு எவ்வளவு அருகில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு அருகில் கொண்டுவாருங்கள். நசுக்குவதற்கு முன் உள்ளே ஒரு சின்னக் கட்டை மரத்துண்டை நுழைத்துவிட்டால், முனை முழுக்கச் சப்பிப்போகாமல் கொஞ்சம் உடம்போடு நிற்கும். வைஸில் மெதுவாக நசுக்குங்கள், சுத்தியலால் அடித்தால் ஓரத்தில் விரிசல் விடும். அந்த விரிசல் ஒரு வருடம் கழித்துத்தான் வாயைத் திறக்கும்.

மூன்றாவது, கட்டை ஒட்டியிருக்கும் பலகை. ஆடிப்பெட்டியின் சுவர் 9 மி.மீ. பிளைவுட்டாக இருந்து, கட்டை அதன் நடுவில் ஒட்டப்பட்டிருந்தால் சுவரே முரசுத் தோல் மாதிரி உள்ளே வெளியே போகும். கட்டையை மூலைக்குக் கொண்டுபோங்கள். இரண்டு சுவர் சேரும் இடம்தான் பெட்டியின் பலமான இடம்.

அறிகுறி: உச்சியில் சரி செய்த லேசர் புள்ளி, கீழே சாய்த்தால் விலகுகிறது

இந்த ஒரு சோதனையை நிதானமாகச் செய்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும். தொலைநோக்கியை உச்சி நோக்கி நிறுத்தி, லேசர் கொலிமேட்டரின் (ஃபோக்கஸரில் செருகி ஆடிகளை நேர்ப்படுத்த உதவும் கருவி) புள்ளியை முதன்மை ஆடியின் மைய வளையத்துக்குள் கொண்டுவாருங்கள். மெதுவாக அடிவானம் வரை சாய்த்து, புள்ளி எவ்வளவு போகிறது என்று பாருங்கள். அப்புறம் மறுபடி உச்சிக்குக் கொண்டுவாருங்கள்.

புள்ளி போன இடத்திலிருந்து திரும்பி வளையத்துக்குள்ளேயே வந்துவிட்டால், அது நெகிழ்வு. ஏதோ வளைந்து திரும்புகிறது, மேலே சொன்ன பகுதியைப் பாருங்கள். போன புள்ளி திரும்பி வராமல் வேறொரு இடத்தில் நின்றால், அது நழுவல். எங்கோ ஒரு மூட்டு நகர்ந்து புது இடத்தில் உட்கார்ந்துவிட்டது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு என்பதால், இதைப் பிரிக்காமல் எதையும் கழற்றத் தொடங்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. லேசரே ஃபோக்கஸரில் தளர்வாக இருந்தாலும் புள்ளி ஓடும். சாய்ப்பதற்கு முன் லேசரை விரலால் லேசாக ஆட்டிப் பாருங்கள். புள்ளி உங்கள் விரலோடு ஆடினால் முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

நல்ல முக்கோண அமைப்பிலும் கொஞ்சம் தொங்கல் இருக்கும். ஆனால் அப்போது மேல்கூண்டு ஆடிப்பெட்டிக்கு இணையாகவே இறங்கும், தலை குனியாது. புள்ளி 1 மி.மீ.க்குள் நகர்ந்தால் f/5இல் அதை மறந்துவிட்டு வானத்தைப் பாருங்கள்.

அறிகுறி: ஒவ்வொரு முறை மாட்டும்போதும் கொலிமேஷன் எங்கோ போய் நிற்கிறது

மாட்டிய பிறகு கல்லாக நிற்கிறது, ஆனால் நேற்றைய கொலிமேஷனுக்கும், அதாவது ஆடிகளை நேர்ப்படுத்தி வைத்ததற்கும், இன்றைக்கும் சம்பந்தமில்லை. இருக்கை இல்லாத மூட்டின் அடையாளம் இது.

கட்டையின் துளைக்குள் கழியைச் செருகி இறுக்கும் முறையில், கழி எவ்வளவு ஆழம் போகிறது என்பதை உங்கள் கைதான் முடிவு செய்கிறது. ஒரு நாள் 1 மி.மீ. மேலே நிற்கும், மறுநாள் கீழே. துளையின் அடியில் ஒரு உலோகத் தகட்டை எபாக்சி வைத்து ஒட்டுங்கள். கழியின் முனை அதில் ‘டக்’ என்று மோத வேண்டும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் குமிழைத் தொட வேண்டும். நான் இருட்டில் மாட்டும்போது எட்டு ‘டக்’ எண்ணுவேன். ஏழுதான் கேட்டது என்றால் எங்கோ மணலோ இலையோ அடியில் கிடக்கிறது. துளையை அடிவரை மூடாமல் ஓரத்தில் ஒரு சின்ன வழி விட்டால் அந்தக் குப்பை தானாக வெளியே போய்விடும்.

கழிகளின் நீளமும் முக்கியம். ரம்பத்தால் ஒவ்வொன்றாக அறுத்தால் ஒரு மி.மீ. அங்கே இங்கே போகத்தான் செய்யும். எட்டையும் சேர்த்துக் கட்டி, ஒரு முனையைச் சமதளத்தில் தட்டி நிறுத்தி, மறு முனையை அரத்தால் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். துளைகளுக்கு ஒரு ஜிக் (துளை எப்போதும் அதே இடத்தில் விழ வழிகாட்டும் அச்சு) செய்து, எல்லாக் கழிக்கும் அதே ஜிக்கில் துளை போடுங்கள். அப்படியும் கொஞ்சம் வித்தியாசம் மிஞ்சும். அதனால் ஒவ்வொரு கழிக்கும் ஒவ்வொரு துளைக்கும் எண் போட்டுவிடுங்கள். கழி எப்போதும் தன் வீட்டுக்கே போகட்டும். தன் நீளம் குறைந்த கழியும் தன் வீட்டில் இருக்கும்வரை தொந்தரவு தராது. இருட்டில் எண் தெரியாது என்பதால் நான் விளிம்பில் அரத்தால் வெட்டுக்கோடு போட்டிருக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலாலேயே படிக்கலாம்.

மேல் முனையில் எம்6 போல்ட் 6.5 மி.மீ. துளையில் நின்றால், இறுக்கும் நேரத்தில் அது எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அங்கேயே நிற்கும். இதைத் தீர்க்கக் கூம்பு இருக்கைக்கு இணை இல்லை. கார் சக்கரத்தின் நட்டைக் கவனித்துப் பாருங்கள். பல கார்களில் அதன் முனை கூம்பாக இருக்கும், சக்கரத்தின் துளையும் அதற்கேற்றபடி சரிந்திருக்கும். இறுக்க இறுக்கச் சக்கரம் தானே நடுவுக்கு வரும். அதையே இங்கே செய்யலாம். ஜோடிக் கழிகளை மேலே ஒரு உலோகத் துண்டில் நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் தானாகக் கழலாத நட்) போட்டு நிரந்தரமாக இணைத்துவிடுங்கள். அந்தத் துண்டின் நடுத்துளையைக் கவுண்டர்சிங்க் பிட் வைத்துச் சரிவாக்குங்கள். மேல்கூண்டில் நிரந்தரமாக ஒட்டிய மரைத்தண்டு, அதில் கூம்பு மூக்குள்ள நட். எட்டு மூட்டு நான்காகக் குறையும், கழிகள் கத்தரிக்கோல் மாதிரி மடங்கும், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காரும். மெட்ரிக் கூம்புத் தலைத் திருகுகளின் கோணம் 90 டிகிரி. சில பிட்கள் 82 டிகிரிக்குச் செய்யப்பட்டவை. வாங்கும்போதே பார்த்துவிடுங்கள், கோணம் ஒத்துப்போகாவிட்டால் கூம்பு ஒரு கோட்டில் மட்டும் தொட்டு நிற்கும்.

அறிகுறி: பிளந்த கட்டையை முறுக்கினாலும் கழி நழுவுகிறது

துளை போட்டு, ஒரு பக்கம் ரம்பத்தால் காடி விட்டு, குறுக்கே போல்ட் போட்டு நெருக்கும் கட்டையைச் சொல்கிறேன். மரவேலை தெரிந்தவர்களுக்குப் பிடித்த மூட்டு இது, ஏனென்றால் ஒரே நேரத்தில் கழியைப் பிடிக்கவும் செய்யும், கோணத்தைக் காக்கவும் செய்யும்.

நழுவினால் முதலில் காடியைப் பாருங்கள். இரண்டு உதடும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தால் துளை பெரிதாகிவிட்டது, இனி எவ்வளவு முறுக்கினாலும் கழிக்கு ஒன்றும் போகாது. காடியை 3 மி.மீ. வரை அகலப்படுத்தலாம், கொஞ்சம் உயிர் வரும். ஆனால் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் கழி இரண்டு கோடுகளில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். அதற்கு ஒரு அருமையான வழி உண்டு. கழியைச் சுற்றி ஒரு சுற்று மெல்லிய பிளாஸ்டிக் டேப், அதன்மேல் மெழுகு நன்றாகத் தடவுங்கள். துளையின் உட்புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, மரத்தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்சியைப் பூசுங்கள். காடியில் ஒரு அட்டைத் துண்டைச் செருகி, எபாக்சி அங்கே போகாமல் மறியுங்கள். எட்டுக் கழியையும் செருகி, மேல்கூண்டையும் மாட்டி, எல்லாம் சரியான கோணத்தில் நிற்கும்போது ஒரு இரவு அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் கழியை லேசாகத் திருகி உருவினால், உங்கள் கழிக்கென்றே வார்த்த இருக்கை தயாராக இருக்கும். டேப்பை உரித்த பிறகு அதன் தடிமன் அளவுக்கு ஒரு சின்ன இடைவெளி மிஞ்சும், கட்டை நெருங்கிப் பிடிக்க அது போதும். மெழுகைத் தடவ மறந்தால் கழியையும் கட்டையையும் சேர்த்து அறுக்க வேண்டியதுதான், ஆகவே இரண்டு முறை பாருங்கள்.

கட்டையே பிளந்துவிட்டால், மரத்தின் நார் போகும் திசை தப்பாக இருக்கிறது. நார் கழிக்கு இணையாக ஓடும் ஒற்றை மரத்துண்டு காடியின் முடிவிலிருந்து விறகு மாதிரி பிளக்கும். நல்ல பிளைவுட்டை அடுக்கி ஒட்டிக் கட்டை செய்யுங்கள். அதில் நார் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் பிளவு ஓட வழியில்லை. காடி முடியும் இடத்தில் 5 மி.மீ. துளை ஒன்று போட்டுவிடுங்கள்.

குழாய் நசுங்குகிறதா? பிடிக்கும் இடத்தில் உள்ளே ஒரு கட்டை மரச் செருகியை எபாக்சி வைத்து ஒட்டுங்கள். முடிந்தது.

அறிகுறி: பலகையில் பதித்த மரைக்கூடு சுழல்கிறது, அல்லது போல்ட்டோடு வெளியே வருகிறது

பிளைவுட்டின் ஓரத்தில் பதித்த மரைக்கூடு (உள்ளே மரை வெட்டிய உலோகக் குழல்) கொஞ்ச நாள்தான் தாங்கும். திரும்ப எபாக்சி வைக்கலாம், ஆனால் அதைவிட நல்லது விசையின் திசையை மாற்றுவது. பலகையின் பின்பக்கத்திலிருந்து டி-நட்டை (மரத்தில் பதியும் பற்களுள்ள அகல விளிம்போடு வரும் நட்) செருகினால், போல்ட்டை இழுக்க இழுக்க அது மரத்துக்குள் அழுந்துமே தவிர வெளியே வராது.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தனியாகக் கையில் வரும் எந்தப் போல்ட்டும் வாஷரும் ஒருநாள் ஆடிமேல் விழும். ஒரு குளிர் இரவில், விரல் மரத்துப்போன நேரத்தில், என் கையிலிருந்து ஒரு எம்8 நட் ஆடிப்பெட்டிக்குள் விழுந்தது. முதலில் மரத்தில் பட்ட சத்தம், அப்புறம் கண்ணாடியில் பட்ட சத்தம். அந்த இரண்டாவது சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஓரத்தில் சிறு சில்லு போனதோடு தப்பித்தேன். அன்றிலிருந்து எந்தக் குமிழும் முழுக்கக் கழன்று வராதபடி செய்திருக்கிறேன். போல்ட்டின் கடைசி மரையைச் சுத்தியலால் லேசாகக் கெடுத்துவிட்டாலோ, முனையில் ஒரு கிளிப் மாட்டிவிட்டாலோ போதும். ஆடியின் மூடியைக் கழிகள் எல்லாம் மாட்டி முடித்த பிறகே திறங்கள். கழற்றும்போது முதல் வேலை மூடியைப் போடுவது.

அறிகுறி: பனி கொட்டிய இரவுக்குப் பிறகு கழி வெளியே வர மறுக்கிறது

மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கும். அடிக்காதீர்கள். வெயில் ஏறும்வரை காத்திருங்கள், தானாக விடும். அடுத்த முறைக்கு, துளையின் உட்புறத்தில் எபாக்சியை மெல்லியதாகப் பூசி மரத்தின் வாயை அடைத்துவிடுங்கள்.

அலுமினியத்துக்குள் அலுமினியம் சிக்கிக்கொண்டால் அது வேறு. இரண்டும் ஒன்றையொன்று பிறாண்டி ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் பித்தளையாகவோ கெட்டிப் பிளாஸ்டிக்காகவோ மாற்றுங்கள், குறைந்தது மெழுகாவது தடவுங்கள். கூம்பாகச் செதுக்கிய செருகு மூட்டு என்றால் சரிவைப் பாருங்கள். லேத் கருவிகளில் வரும் மோர்ஸ் கூம்பின் மொத்தக் கோணம் 3 டிகிரியை ஒட்டியது, அது உள்ளே போனால் தானாகக் கவ்விக்கொள்ளும். அரைவை இயந்திரங்களின் 7:24 கூம்பு 16 டிகிரிக்கு மேல், அது தானாக விட்டுவிடும். கழற்ற வேண்டிய மூட்டுக்கு இரண்டாவது வகைதான் சரி.

அறிகுறி: மாலையில் இறுக்கியது நள்ளிரவில் தளர்ந்திருக்கிறது

அலுமினியம் குளிரில் சுருங்குவது காரணமாக இருக்குமோ என்று தோன்றும். 1.2 மீட்டர் கழி 15 டிகிரி வெப்பம் குறைந்தால் 0.4 மி.மீ. சுருங்கும்தான். ஆனால் எட்டும் ஒன்றாகச் சுருங்குவதால் ஃபோக்கஸ் மட்டும் கொஞ்சம் நகரும், கொலிமேஷன் கெடாது.

உண்மையான காரணம் பெரும்பாலும் மரம் அமுங்குவது. சின்ன வாஷரின் கீழே மரம் மெல்ல மெல்லக் குழிந்துகொண்டே போகும். அகலமான வாஷர் போடுங்கள். அதன்மேல் ஒரு கிண்ண வடிவ ஸ்பிரிங் வாஷர் வைத்தால், மரம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் அழுத்தம் குறையாது.

3டி பிரிண்டரில் செய்த மூட்டு என்றால் பொருளைக் கேளுங்கள். பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியிலேயே இளகிவிடும். பகலில் வெயிலில் நின்ற மூடிய காருக்குள் அந்த வெப்பம் வருவது பெரிய விஷயமில்லை. குளிரிலும்கூட, இறுக்கி வைத்தால் அது நாளடைவில் இழுத்துக்கொடுக்கும். பிஇடிஜி அல்லது ஏஎஸ்ஏவில் செய்யுங்கள், போல்ட் போகும் துளைக்குள் உலோகக் குழல் ஒன்றைச் செருகி, அழுத்தம் உலோகத்தின் வழியாகப் போகும்படி பாருங்கள். அடுக்குகள் பிரியும் திசையில் இழுவிசை வரக் கூடாது.

அறிகுறி: நடுவில் இரண்டாகப் பிரியும் கழி, இணைத்த இடத்தில் முறிகிறது

பையில் அடங்க வேண்டும் என்று கழியையே இரண்டு துண்டாக்குபவர்களுக்கு இது. இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள், ஏனென்றால் முனை மூட்டுக்கும் நடு மூட்டுக்கும் விதி நேர்மாறு. முனையில் கழி சுழல முடிந்தாலும் பாதகமில்லை, முக்கோணம் பார்த்துக்கொள்ளும். நடுவில் கீல் மாதிரி மடங்கினால், அழுத்தம் வரும் நொடியில் கழி பக்கவாட்டில் ஒடிந்து வெளியே தள்ளும். நடு மூட்டு வளைவைத் தாங்கியே ஆக வேண்டும்.

உள்ளே ஒரு செருகி, ஒரு பாதியில் நிரந்தரமாக ஒட்டப்பட்டு, மறு பாதிக்குள் நுழைவது வழக்கமான அமைப்பு. செருகி 60 மி.மீ. நுழைந்து, 0.1 மி.மீ. இடைவெளி இருந்தால், 600 மி.மீ. தள்ளி இருக்கும் முனை 1 மி.மீ. ஆடும். நுழையும் நீளத்தைக் குழாயின் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது வையுங்கள். ஆனால் நிஜமாக மூட்டைக் கெட்டியாக்குவது செருகி இல்லை. குழாய்களின் இரண்டு முனை முகங்களும் ஒன்றையொன்று சுற்றிலும் அழுத்தி நிற்பதுதான். செருகியின் நடுவே ஒரு எம்6 மரைத்தண்டு வைத்து, இரண்டு பாதியையும் இழுத்து முகத்தோடு முகம் ஒட்ட வையுங்கள். பாதிக் குழாயைத் திருகினாலே இறுகும்படி அமைக்கலாம், தனிக் குமிழ் தேவையில்லை.

முகங்கள் குழாய்க்குச் செங்குத்தாக இருப்பது இதில் உயிர். பின்னால் விளக்கை வைத்துக்கொண்டு, இணைத்த மூட்டைக் கண்ணருகே சுழற்றிப் பாருங்கள். எங்காவது ஒளிக்கீற்று தெரிந்தால் அந்தப் பக்கம் முகம் தாழ்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கத்தின் விளிம்பில் கறுப்பு மார்க்கரால் தடவி, இணைத்துத் திருகிக் கழற்றுங்கள். மை தேய்ந்த இடம்தான் மேடு. அங்கே மட்டும் மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு, மறுபடி மை, மறுபடி திருகல். நான்கைந்து சுற்றில் மை விளிம்பு முழுக்க ஒரே மாதிரி தேயும். அப்போது கழியின் இரு முனைகளையும் இரண்டு நாற்காலியில் வைத்து நடுவில் கையால் அழுத்திப் பாருங்கள், ஒரே குழாயாகவே கைக்குத் தெரியும்.

அறிகுறி: காற்று அடித்தால் மட்டும் நடுங்குகிறது

மூட்டைத் தொட வேண்டாம். கழிகளைச் சுற்றிய கறுப்புத் துணி கப்பல் பாய் மாதிரி வேலை செய்கிறது. துணியை இறுக்கிக் கட்டுங்கள், அப்படியும் நிற்காவிட்டால் அன்றிரவுக்கு அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.